கொலுசு, மாம்பழம், காபிப் பழம்: போட்டோவைச் சின்ன ஐகானாக்கும்போது நிறம் திருத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் டி.டி.பி. வேலையும் படம் திருத்தும் வேலையும் செய்து வருகிறேன். கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள், மாம்பழ வியாபாரிகள், ஏற்காட்டில் காபியும் மிளகும் விற்பவர்கள் என எல்லோரிடமும் இப்போது வாட்ஸ்அப் கேட்டலாக் இருக்கிறது. சிலர் வெப்சைட்டும் வைத்திருக்கிறார்கள். போனில் எடுத்த படத்தை அனுப்பி, "அக்கா, இதையே சின்னதா ஐகான் பண்ணிக் குடுங்க" என்பார்கள். பண்ணிக் கொடுத்தால், "கலர் ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்று அடுத்த கேள்வி வரும். இப்போது பல வீடுகளில் பிள்ளைகளே இந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இங்கே.

பெரிய படம் அருமையாக இருக்கிறது. ஐகானாக்கியதும் மட்டும் ஏன் மங்கிப்போகிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மெகாபிக்சல் போட்டோ என்றால் சுமார் 4000 x 3000 புள்ளிகள். சதுரமாக வெட்டினால் 3000 x 3000, அதாவது 90 லட்சம் புள்ளிகள். 32 x 32 ஐகானில் இருப்பதோ வெறும் 1,024. உங்கள் போட்டோவின் சுமார் 8,800 புள்ளிகள் சேர்ந்து ஐகானில் ஒரே ஒரு புள்ளியாகின்றன. பிரவுசர் டேபில் வரும் 16 x 16 ஐகானில் இது 35,000ஐத் தாண்டும்.

அத்தனை புள்ளிகளையும் மென்பொருள் சராசரி எடுக்கிறது. மார்கழியில் வாசலில் போட்ட கலர் கோலத்தை மறுநாள் கூட்டி அள்ளும்போது முறத்தில் என்ன நிறம் சேர்கிறது? சிவப்பும் மஞ்சளும் நீலமும் போட்டது நமக்குத் தெரியும், ஆனால் முறத்தில் இருப்பது அழுக்குச் சாம்பல். ஐகானிலும் இதுதான் நடக்கிறது. மென்பொருள் கெடுக்கவில்லை, சராசரி என்றாலே நிறம் நடுப்பக்கம் இழுபடும். பளிச்சென்ற வெளிச்சமும் இல்லை, அடர்ந்த நிழலும் இல்லை, எல்லாம் மங்கலாக நிற்கும்.

அப்படியானால் நிறத்தைச் சுருக்குவதற்கு முன்பு திருத்த வேண்டுமா, பின்பா?

இரண்டு இடத்திலும். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை.

தப்பான நிறத்தைச் சரிசெய்வது முன்னால். டியூப்லைட் பச்சை, குண்டு பல்பின் மஞ்சள், நிழலின் நீலம் எல்லாவற்றையும் பெரிய படத்திலேயே எடுத்துவிட வேண்டும். அங்கேதான் எது வெள்ளை, எது சாம்பல் என்று தொட்டுப் பார்க்க இடம் இருக்கிறது. சுருக்கிய பிறகு அந்த வெள்ளையே காணாமல் போயிருக்கும்.

நிறத்துக்கு வலுவூட்டுவது பின்னால். சுருக்கி முடித்ததும் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று பார்த்து, அந்த அளவுக்குக் கான்ட்ராஸ்டும் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம்) சாச்சுரேஷனும் (நிறத்தின் அடர்த்தி) ஏற்றுங்கள். பெரிய படத்திலேயே ஏற்றிவிட்டால் சில இடங்கள் 255ஐ, அதாவது ஒரு நிறத்துக்கு உள்ள உச்ச எண்ணை, முட்டி நின்றுவிடும். அங்கே இருந்த விவரம் திரும்ப வராது.

பலர் செய்யும் தவறு, படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு திருத்துவது. ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில், வியூ மெனுவில் நியூ வியூ என்று இருக்கிறது. ஒரே படத்தை இரண்டு ஜன்னலில் திறக்கலாம். ஒன்றில் 800 சதவீதம் வைத்து வேலை செய்யுங்கள். இன்னொன்றை 100 சதவீதத்தில், ஐகான் நிஜ அளவில் தெரியும்படி ஓரமாக வையுங்கள். முடிவெடுப்பது அந்தச் சின்ன ஜன்னலைப் பார்த்துத்தான்.

ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகவே தெரிய வைக்கும் திருத்தம்) எங்கே தொட்டு எடுப்பது? வெள்ளை வேட்டியைத் தொட்டேன், படம் மஞ்சளாகிவிட்டது.

வேட்டியில் சொட்டு நீலம் இருக்கும். சோப்புத் தூளிலும் துணியை வெளுப்பாகக் காட்ட நீலச்சாயல் தரும் பொருள் சேர்க்கிறார்கள். அதனால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவது கேமராவுக்கு லேசான நீலம். "இதுதான் வெள்ளை" என்று நீங்கள் சொன்னதும், மென்பொருள் அந்த நீலத்தைக் கழிக்கிறது, மற்றதெல்லாம் மஞ்சளாகிறது.

படம் எடுக்கும்போதே பொருளுக்குப் பக்கத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்து ஒரு படம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அதே வெளிச்சத்தில் எடுத்த எல்லாப் படத்துக்கும் அதை வைத்தே திருத்தலாம். மென்பொருளின் லெவல்ஸ் பெட்டியில், படத்தில் ஒரு நிறத்தைத் தொட்டு எடுக்க மூன்று சொட்டுக் குழாய்கள் இருக்கும். நடுவில் உள்ள சாம்பல் குழாயை எடுத்து அட்டையைத் தொட வேண்டும், அவ்வளவுதான். அட்டை வைக்க மறந்துவிட்டால் சிமென்ட் தரை ஓரளவு கைகொடுக்கும்.

ஏற்காட்டில் எடுத்த படம் எல்லாம் ஒரு மாதிரி நீலமாகவோ பச்சையாகவோ இருக்கிறதே?

மேலே வெளிச்சமே வேறு. மூடுபனி இருக்கும்போது சூரியனின் நேரடி வெளிச்சம் குறைந்து, வானத்து வெளிச்சமே அதிகம் விழும். அது நீலப்பக்கம் சாயும். காபித் தோட்டத்துக்குள் போனால் இன்னொரு சிக்கல்: சில்வர் ஓக் நிழலில், இலைகளுக்குள் வடிகட்டி வரும் வெளிச்சம் பச்சையாக இருக்கும். மிளகுக் கொடியைப் படம் எடுத்தால் மிளகு மட்டுமில்லை, அதைப் பிடித்திருக்கும் கையும் பச்சையாகத்தான் தெரியும்.

நீலத்துக்கு, படத்தை நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையே நகர்த்தும் டெம்பரேச்சர் ஸ்லைடர் போதும். பச்சைக்கு அது போதாது. டின்ட் என்று இன்னொரு ஸ்லைடர் இருந்தால் மெஜந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு) பக்கம் கொஞ்சம் நகர்த்த வேண்டும். ஜிம்பில் கலர் பேலன்ஸ் திறந்து பச்சை–மெஜந்தா கோட்டை நகர்த்தினாலும் அதே பலன். கை தெரிகிற படமாக இருந்தால் உள்ளங்கையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள். மனிதத் தோலின் நிறம் தப்பினால் நம் கண் உடனே சொல்லிவிடும்.

பனியை முழுக்க எடுத்துவிடாதீர்கள் என்பது என் கருத்து. பனியும் மலையும்தான் அந்தப் பொருளின் ஊர். ஆனால் அது வெப்சைட்டின் பெரிய படத்துக்கு. 48 புள்ளி ஐகானில் பனி வெறும் சாம்பல் பூச்சாகத்தான் தெரியும். அங்கே எடுத்துவிடுவதுதான் சரி.

வெள்ளிக் கொலுசை ஐகானாக்கினால் எவர்சில்வர் மாதிரி தெரிகிறது. என்ன செய்வது?

எங்கள் பகுதியில் அதிகம் வரும் கேள்வி இதுதான், கடினமானதும் இதுதான்.

வெள்ளிக்கென்று தனி நிறம் என்று பெரிதாக இல்லை. சுற்றி இருப்பதைத்தான் அது திருப்பிக் காட்டும். நீல வெல்வெட் துணியில் வைத்து எடுத்தால் கொலுசின் அடிப்பாகம் நீலம். எடுத்தவர் சிவப்புச் சட்டை போட்டிருந்தால் முத்துக்களில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. இந்த இடத்தில் சாம்பல் குழாயால் கொலுசையே தொட்டால் ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒவ்வொரு நிறம் வரும். கொலுசைத் தொடாதீர்கள், பக்கத்தில் வைத்த அட்டையைத் தொடுங்கள்.

போன வருடம் சிவதாபுரம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் படம் அனுப்பினார். இரண்டு வரிசை முத்து வைத்த கொலுசு, முழு வட்டமாக, அழகாக எடுத்திருந்தார். அதை அப்படியே 48 x 48க்குச் சுருக்கினேன். வந்தது ஒரு சாம்பல் வளையம். முத்து இல்லை, கொக்கி இல்லை, சங்கிலி வேலை இல்லை. சைக்கிள் டயர் என்றால் கூட நம்பலாம். சாச்சுரேஷனை ஏற்றினேன், துணியின் நீலம்தான் ஏறியது. பிரைட்னஸ் ஏற்றினேன், வளையம் வெளுத்தது.

பிறகுதான் திரும்ப முதல் படத்துக்குப் போனேன். முழுக் கொலுசையும் விட்டுவிட்டு, மூன்று முத்தும் அவற்றுக்கு மேலே இருக்கும் சங்கிலியும் மட்டும் வரும்படி வெட்டினேன். கொலுசுப் பகுதியில் மட்டும் சாச்சுரேஷனைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறக்கினேன், நீலம் போய்விட்டது. சுருக்கியபின், ஒளிர்வைக் கோடாகக் காட்டும் கர்வ்ஸ் பெட்டியில் கோட்டை லேசான ‘எஸ்’ வளைவாக்கி, நிழலை இறக்கி வெளிச்சத்தை ஏற்றினேன். ஒவ்வொரு முத்திலும் இடப்பக்கம் மேலே ஒரு வெள்ளைப் பொட்டு, வலப்பக்கம் கீழே கிட்டத்தட்டக் கறுப்பு. வெள்ளிப் பளபளப்பு என்று நம் கண் நம்புவது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். எவர்சில்வர் மாதிரித் தெரிந்ததற்குக் காரணம் எல்லாம் நடுச்சாம்பலாக இருந்ததுதான். கடைசியாக வெளிச்சப் பகுதியில் மட்டும் துளி மஞ்சள் சேர்த்தேன், 255, 255, 255 இருந்த இடத்தில் 255, 252, 244 அளவுக்கு (இந்த எண்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்). எஃகுக் குளிர்ச்சி போய் வெள்ளியின் இதம் வந்தது.

பின்னணிக்கு அடர் மெரூன் வைத்தோம். நகைப் பெட்டிக்குள் இருக்கும் நிறம், வாடிக்கையாளருக்குப் பழக்கமானது.

மாம்பழம் மஞ்சள்தானே, சாச்சுரேஷனை நன்றாக ஏற்றிவிடலாமா?

எந்த மாம்பழம்? மல்கோவாவில் பச்சை கலந்த மஞ்சள் இருக்கும், காம்புப் பக்கம் லேசாகச் சிவந்திருக்கும். இமாம் பசந்த் பழுத்தும் பச்சையாகவே நிற்கும். செந்தூராவுக்குச் சிவப்புதான் அடையாளம். சாச்சுரேஷனைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினால் எல்லாம் ஒரே ஆரஞ்சாகிவிடும். சின்னக்கடை வீதியில் பழம் வாங்கிப் பழகியவர் அந்த ஐகானைப் பார்த்து ‘இது மல்கோவா இல்லையே’ என்பார். அவர் சொல்வது சரிதான். ஹ்யூவை (எந்த நிறம் என்பதையே மாற்றும் ஸ்லைடர்) தொடாதீர்கள், தொட வேண்டி வந்தால் நிஜப் பழத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடுங்கள்.

மாம்பழ ஐகானின் உண்மையான பிரச்சினை வேறு: வெள்ளைப் பின்னணி. 245, 190, 60 என்ற மாம்பழ மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் உள்ள கான்ட்ராஸ்ட் 1.7க்கு 1தான். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் வெப்சைட் பயன்பட வேண்டும் என்று வகுத்த டபிள்யூ.சி.ஏ.ஜி. விதிகளில், 2018இல் வந்த 2.1 பதிப்பு, புரிந்துகொள்ளத் தேவையான ஐகான்களுக்கு 3க்கு 1 ஆவது வேண்டும் என்கிறது. மஞ்சளை இருட்டாக்கினால் பழம் அழுகியது போல ஆகிவிடும். பழத்தை விட்டுவிட்டுப் பின்னணியை மாற்றுங்கள். அடர்ந்த மாவிலைப் பச்சை வைத்தால் பழம் தானாக எழுந்து நிற்கும்.

காபிப் பழம் சிவப்பு, இலை பச்சை. இதைவிடத் தெளிவான கான்ட்ராஸ்ட் ஏது? ஆனாலும் ஐகானில் பழம் தெரியவில்லையே?

நிறம் வேறு, ஒளிர்வு வேறு. சின்ன ஐகானில் கண் முதலில் பிடிப்பது ஒளிர்வு வித்தியாசத்தைத்தான்.

சோதித்துப் பார்க்க ஒரு நொடி போதும். ஐகானை டீசாச்சுரேட் செய்து கறுப்பு வெள்ளையாக்குங்கள். ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி அனுப்பிய படத்தில் செய்து பார்த்தேன், பழத்தைக் காணோம். இலையும் பழமும் ஒரே சாம்பல். எண்களைப் பார்த்தேன்: பழம் 190, 30, 40, இலை 50, 110, 45. திரையில் ஒளிர்வைக் கணக்கிடும்போது பச்சைக்குச் சுமார் 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7 என்று எடை கொடுக்கிறார்கள், நம் கண் அப்படித்தான் பார்க்கிறது என்பதால். அந்தக் கணக்கில் இந்தச் சிவப்பும் இந்தப் பச்சையும் ஏறக்குறைய சரிசமம். கான்ட்ராஸ்ட் 1க்கு 1.

இதில் இன்னொன்றும் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், பெண்களைவிட ஆண்களில் அதிகம். அவர்களுக்கு இந்த ஐகான் வெறும் இலைக் கொத்து. உங்கள் காபியை வாங்க வருகிறவர்களில் அவர்களும் உண்டு.

திருத்தம் எளிது. இலையை மட்டும் செலக்ட் செய்து 20, 55, 25 அளவுக்கு இருட்டாக்கினேன். பழத்தை 235, 65, 55 அளவுக்கு ஏற்றினேன். கான்ட்ராஸ்ட் 3ஐத் தாண்டியது. பழம் இன்னும் காபிப் பழமாகவே இருந்தது, தக்காளி ஆகவில்லை. அதற்கு மேல் ஏற்றியிருந்தால் ஆகியிருக்கும்.

வறுத்த கொட்டைதான் வேண்டும் என்றால், ஒரே ஒரு கொட்டை, நடுக்கோடு தெரியும்படி, வெளிர் பின்னணியில். குவியலாக வைத்தால் 32 புள்ளியில் அது பழுப்பு மண்.

ஜவ்வரிசி? வெள்ளைமேல் வெள்ளை.

தூய வெள்ளை வைக்காதீர்கள். மணியின் வெளிச்சப் பக்கம் 240, நிழல் பக்கம் 190 அளவில் லேசான நீலம் கலந்து இருக்கட்டும். பின்னணி அடர்நிறம். மணிகள் நான்கைந்துக்கு மேல் வேண்டாம்.

எந்த மென்பொருள் வாங்க வேண்டும்?

வாங்கவே வேண்டாம். ஜிம்ப் இலவசம், 1996 முதல் இருக்கிறது. நான் மேலே சொன்ன எல்லாம் அதில் உண்டு. வெப்சைட்டுக்கான ஐ.சி.ஓ. கோப்பும் அதிலேயே எடுக்கலாம்: ஒவ்வொரு அளவையும் ஒரு லேயராக (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள் போல) வைத்து ஏற்றுமதி செய்தால் எல்லாம் ஒரே கோப்பில் சேர்ந்துவிடும். போட்டோஷாப் ஏற்கெனவே இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். நல்ல கம்ப்யூட்டர் இல்லையென்றால் பிரவுசரிலேயே ஓடும் போட்டோபியா போதும்.

எந்தெந்த அளவில் செய்ய வேண்டும்? ஒன்றைச் செய்து மற்றதற்குச் சுருக்கிக்கொள்ளலாமா?

வெப்சைட்டுக்கு 16, 32, 48. ஐபோன் முகப்புத் திரைக்கு 180. ஆண்ட்ராய்டு செயலிக்கு 48, 72, 96, 144, 192. பிளே ஸ்டோரில் காட்ட 512. ஆப்பிள் ஸ்டோருக்கு 1024.

96க்கு மேல் உள்ளவற்றை ஒரே படத்திலிருந்து சுருக்கலாம், பிரச்சினை வராது. 48க்குக் கீழே ஒவ்வொன்றையும் தனியாகப் பாருங்கள். 48இல் மூன்று முத்து வைத்த கொலுசுக்கு 16இல் ஒரே முத்துதான் வைத்தேன். நிறமும் அளவுக்கேற்ப மாறும்: சிறிதாகச் சிறிதாகக் கான்ட்ராஸ்ட் கூடுதலாக வேண்டும்.

சுருக்கும்போதே நிறம் இருட்டாகிறது, ஏன்?

நுணுக்கமான வெள்ளை–கறுப்பு வேலைப்பாடு உள்ள படங்களில் இது தெரியும். படக்கோப்பில் எண்கள் வெளிச்சத்தின் அளவை நேரடியாகச் சொல்வதில்லை, காமா வளைவு ஒன்றின் வழியாக எழுதப்பட்டிருக்கின்றன. 0வும் 255உம் சரிபாதி கலந்தால் எண்களின் சராசரி 128. ஆனால் உண்மையான வெளிச்சத்தின் சராசரியை எழுத வேண்டுமென்றால் 188. கொலுசுச் சங்கிலி, வெண்பட்டுச் சரிகை போன்றவற்றில் இந்த வித்தியாசம் கண்கூடு. ஜிம்பில் இமேஜ் மெனுவில் பிரிசிஷன் போய் 32 பிட், லீனியர் லைட் வைத்துவிட்டுச் சுருக்குங்கள். பிறகு 8 பிட்டுக்குத் திரும்பலாம்.

பின்னணியை வெட்டி எடுத்தபின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறதே?

பழைய வெள்ளைப் பின்னணி ஓரப் புள்ளிகளில் கலந்திருக்கிறது. பெரிய படத்தில் வெட்டும்போதே செலக்‌ஷனை ஒன்றிரண்டு புள்ளி உள்ளே சுருக்கிக்கொள்ளுங்கள். சுருக்கிய பிறகு இதைச் செய்தால் 32 புள்ளியில் ஒரு புள்ளி போவது பெரிய நஷ்டம். அடர்நிறத் திரையில் வைத்தும் பாருங்கள், டார்க் மோட் போட்டவர்களுக்குத்தான் இந்தக் கோடு முதலில் தெரியும்.

ஷார்ப்பன் (ஓரங்களைக் கூர்மையாக்குவது) எவ்வளவு?

சுருக்கிய பிறகு, ஒரே ஒரு முறை, கொஞ்சமாக. அன்ஷார்ப் மாஸ்க்கில் ரேடியஸ் 0.5ஐத் தாண்ட வேண்டாம். ஓரங்களில் வெள்ளை வளையம் எழ ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டது. அது நிறத்தையும் கெடுக்கும்.

என் கம்ப்யூட்டரில் ஒரு நிறம், அப்பா போனில் ஒரு நிறம். எது சரி?

முதலில் அப்பா போனில் நைட் மோட் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். சாயங்காலத்துக்கு மேல் திரை தானாக மஞ்சளாகும்படி வைத்திருப்பார்கள், உங்களை அழைத்து ‘கலர் தப்பு’ என்பார்கள்.

அது இல்லையென்றால் கலர் புரொஃபைல், அதாவது எந்த எண் எந்த நிறம் என்று கோப்பிலேயே இருக்கும் குறிப்பு. 2016இல் வந்த ஐபோன் 7 தொடங்கி ஆப்பிள் போன்கள் டிஸ்பிளே பி3 என்ற அகலமான வண்ண எல்லையில் படம் எடுக்கின்றன. வெப்சைட் ஐகானுக்கு, இணையத்தில் பொதுவாகப் பயன்படும் எஸ்.ஆர்.ஜி.பி. வண்ண எல்லை பாதுகாப்பானது. புரொஃபைலை வெறுமனே நீக்கிவிட்டால் எண்கள் அப்படியே இருக்கும், அர்த்தம் மாறிவிடும், நிறம் வெளிறும். நீக்கக் கூடாது, மாற்ற வேண்டும்: கன்வர்ட் டு புரொஃபைல் என்ற கட்டளை அதற்குத்தான். மாற்றிய பின் இரண்டு மூன்று போனில் பாருங்கள். விலை குறைந்த போன் ஒன்று அதில் கட்டாயம் இருக்கட்டும், வாங்குகிறவர்களில் பலரிடம் அதுதான் இருக்கும்.

எந்தக் கோப்பாக அனுப்ப வேண்டும்?

பி.என்.ஜி. ஜேபெக் வேண்டாம். ஜேபெக்கில் பெரும்பாலும் நிற விவரத்தை ஒளிர்வு விவரத்தைவிடக் குறைத்துத்தான் சேமிக்கிறார்கள். பெரிய படத்தில் தெரியாது, 32 புள்ளி ஐகானில் சிவப்பு ஓரம் கசிந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது மறுபடி அமுக்கப்பட்டுத்தான் போய்ச் சேரும்.

அதே ஐகானை ஸ்டிக்கருக்கும் விசிட்டிங் கார்டுக்கும் கொடுக்கலாமா?

கூடாது. அச்சுக்கு 300 டி.பி.ஐ. (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 32 புள்ளி என்பது 2.7 மில்லிமீட்டர். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக வரும். நிறமும் மாறும். திரை ஒளியால் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. திரையில் ஏற்றிய பளிச் சிவப்பை மையால் தர முடியாது. ஒருமுறை ஒரு அச்சகத்துக்கு நான் ஐகான் கோப்பையே அனுப்பிவிட்டேன், அவர்களும் கேட்காமல் ஆயிரம் ஸ்டிக்கர் அடித்துவிட்டார்கள். காபிப் பழம் செங்கல் நிறத்தில் வந்தது. அந்தத் தம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. அதிலிருந்து அச்சுக்கு எப்போதும் முதல் போட்டோவிலிருந்து தனியாகத்தான் செய்கிறேன், ஒரு மாதிரி அடித்துப் பார்க்காமல் ஒப்புதல் கொடுப்பதில்லை.

வேலை முடிந்ததும் எதையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும்?

கேமராவிலிருந்து வந்த முதல் படம், தொடாமல். சாம்பல் அட்டை வைத்து எடுத்த படம். லேயர்களோடு சேமித்த ஜிம்பின் எக்ஸ்.சி.எஃப். அல்லது போட்டோஷாப்பின் பி.எஸ்.டி. கோப்பு. ஒவ்வொரு அளவு பி.என்.ஜி.யும். கோப்பின் பெயரில் பொருள், அளவு, வருடம் எழுதிவிடுங்கள். பின்னணிக்கு வைத்த நிறத்தின் எண்ணை ஒரு டைரியில் குறித்து வையுங்கள். அடுத்த சீசனில் இமாம் பசந்துக்கும் ஐகான் கேட்பார்கள், மல்கோவாவுக்கு வைத்த அதே பச்சை அப்போது வேண்டியிருக்கும்.